ஹோம் தியேட்டர் பிசி அசெம்பிள் பண்ணப் போறீங்களா? கடைக்குக் கிளம்பும் முன் டிவியின் பின்பக்கத்தைப் பாருங்க!

கல்யாண ஆல்பம் வந்துவிட்டது. கூடவே 4கே வீடியோ இருக்கும் ஒரு பென் டிரைவ். மாமா, சித்தி, பெரியம்மா என எல்லோரும் ஹாலில் உட்கார்ந்தாயிற்று. 55 இன்ச் ஸ்மார்ட் டிவியில் செருகினால், முகூர்த்தம் விக்கி விக்கி ஓடுகிறது. சரியாகத் தாலி கட்டும் இடத்தில் படம் அப்படியே நின்றுவிடுகிறது. அதே ஃபைல் வீட்டில் இருக்கும் லேப்டாப்பில் ஜோராக ஓடும்.

இன்னொரு வீட்டில் வேறு தொல்லை. ப்ளூ-ரேவிலிருந்து வந்த படம் ஹார்டு டிஸ்கில் இருக்கிறது. படம் ஓடுது, சத்தம் வரல. ஃபைலில் இருப்பது டிடிஎஸ் ஒலி. அதற்கான லைசென்ஸை அந்த டிவி கம்பெனி வாங்கியிருக்காது. டிவி கெட்டுப்போகவில்லை, அதற்கு அந்த ஒலியைப் பிரித்துப் படிக்கத் தெரியாது, அவ்வளவுதான்.

இந்த மாதிரி நேரத்தில்தான் பலருக்கும் அந்த யோசனை வரும்: ‘டிவி பக்கத்துலயே ஒரு குட்டி கம்ப்யூட்டரை வெச்சுட்டா என்ன?’ அதற்குப் பெயர்தான் ஹோம் தியேட்டர் பிசி. நல்ல யோசனைதான். ஆனால், வழக்கமான கம்ப்யூட்டர் வாங்குவதுபோல ‘எந்த ப்ராசஸர், எத்தனை ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு’ என்று ஆரம்பித்தால், காசு முழுக்கத் தேவையில்லாத இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். இங்கே வரிசையே தலைகீழ். நீங்கள் எதைப் பார்க்கப் போகிறீர்கள், அது எந்த ஓட்டை வழியாக டிவிக்குள் போகப் போகிறது என்பதில்தான் தொடங்க வேண்டும்.

ஓடிடி மட்டும்தான் பார்ப்பீர்களா? அப்படியானால் வேண்டாம்

கடைக்காரர்கள் பெரும்பாலும் சொல்லாத விஷயம் இது. நெட்ஃப்ளிக்ஸ், பிரைம் வீடியோ போன்ற ஓடிடி தளங்கள் கம்ப்யூட்டரை அவ்வளவாக நம்புவதில்லை. திருட்டு நகல் எடுத்துவிடுவார்கள் என்ற பயம். அதனால் டிவிக்கும் ஸ்டிக்குக்கும் தரும் 4கே தரத்தை, பல தளங்கள் கம்ப்யூட்டர் பிரவுசருக்குத் தருவதே இல்லை. நெட்ஃப்ளிக்ஸ் தருகிறது, ஆனால் நிபந்தனைகளோடு. விண்டோஸ் இருக்க வேண்டும், எட்ஜ் பிரவுசரிலோ நெட்ஃப்ளிக்ஸ் ஆப்பிலோ பார்க்க வேண்டும், கம்ப்யூட்டரிலிருந்து டிவி வரை வழியில் இருக்கும் எல்லாமே ஹெச்டிசிபி 2.2 என்ற பாதுகாப்பு முறையைப் புரிந்துகொள்ள வேண்டும். நடுவில் பழைய சவுண்ட் பார் ஒன்று மாட்டியிருந்தால்கூட தரம் இறங்கிவிடும். லினக்ஸ் போட்டால் 4கே கதையே கிடையாது.

ஆக, ஆயிரக்கணக்கில் செலவு செய்து அசெம்பிள் செய்த பெட்டி, ஐந்தாறாயிரம் ரூபாய் ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கைவிட மங்கலான படத்தைக் காட்டும் வாய்ப்பு நிஜமாகவே உண்டு. மாதச் சந்தா கட்டிப் படம் பார்ப்பதுதான் உங்கள் வழக்கம் என்றால் ஒரு நல்ல ஸ்டிக்கோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அப்படியென்றால் இது யாருக்கு? சொந்தமாக ஃபைல்கள் வைத்திருப்பவர்களுக்கு. குடும்ப வீடியோ, பத்து வருஷ போட்டோக்கள், டிஸ்க் சேகரிப்பு, பெரிய திரையில் யூடியூப், எப்போதாவது ஆபீஸ் பிரசன்டேஷன், குழந்தைகளுக்குச் சின்னச் சின்ன கேம்கள் என்று எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்க விரும்புகிறவர்களுக்கு இதைப்போல வேறு பெட்டி இல்லை. ஓடிடிக்கு டிவியில் இருக்கும் ஆப், மற்றதற்கு இந்தப் பெட்டி என்று பிரித்துக்கொண்டால் குழப்பமே வராது.

4கே டிஸ்க் பிளேயர் வைக்க ஆசைப்படுபவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. 4கே ப்ளூ-ரேவை கம்ப்யூட்டரில் முறைப்படி ஓட்ட இன்டெல் ப்ராசஸரில் எஸ்ஜிஎக்ஸ் என்ற வசதி தேவைப்பட்டது. 11-ம் தலைமுறை கோர் ப்ராசஸரிலிருந்து இன்டெல் அதை எடுத்துவிட்டது. புது ப்ராசஸர் வாங்கினால் இந்தக் கதவு மூடிவிடும். டிஸ்க்குக்குத் தனி பிளேயர்தான் நல்லது.

இப்போது டிவியின் பின்பக்கம்

டிவியைக் கொஞ்சம் திருப்பி, ஹெச்டிஎம்ஐ போர்ட்டுகளின் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எது 4கே 60 ஹெர்ட்ஸ், எதில் ‘ஏஆர்சி’ அல்லது ‘இஏஆர்சி’ என்று போட்டிருக்கிறது என்பது முக்கியம்.

ஹெச்டிஎம்ஐ 1.4 என்றால் 4கே படம் நொடிக்கு 30 பிரேம்தான் போகும். 2.0 என்றால் 60. சினிமா எடுக்கப்படுவதே நொடிக்கு 24 பிரேமில்தானே, 30 போதாதா என்று கேட்கலாம். படத்துக்குப் போதும். ஆனால் மவுஸை நகர்த்தினால் இழுத்து இழுத்து வரும், கிரிக்கெட் பார்த்தால் பந்து துள்ளித் துள்ளிப் போகும். முக்கியமாக, வெளிச்சமும் நிழலும் பளிச்சென்று பிரியும் ஹெச்டிஆர் படம் 1.4-ல் வராது. ஹெச்டிஆர் டிவிக்கு அவ்வளவு காசு கொடுத்துவிட்டு, அதை அனுப்பத் தெரியாத போர்டை வாங்குவது வீண் செலவு.

இங்கேதான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். மலிவாகக் கிடைக்கும் ஹெச்410, ஹெச்510 மதர்போர்டுகள் பலவற்றில் இருப்பது 1.4 போர்ட். அட்டைப் பெட்டியில் ‘4கே சப்போர்ட்’ என்று பெரிதாக இருக்கும். எத்தனை ஹெர்ட்ஸில் என்பது இணையதளத்தில் ஸ்பெசிஃபிகேஷன் பக்கத்தின் ஏதோ ஒரு மூலையில் இருக்கும். அந்த வரியைத் தேடிப் படித்த பிறகே பணத்தை எடுங்கள்.

ஒலிக்கும் இதே கதைதான். சவுண்ட் பாரையோ ரிசீவரையோ டிவியின் ஏஆர்சி போர்ட்டில் மாட்டியிருந்தால், ஓடிடியில் வரும் அட்மாஸ் வரைக்கும் பிரச்னை இல்லை. டிஸ்க்கிலிருந்து வரும் ட்ரூஹெச்டி மாதிரி சுருக்கத்தில் எதையும் இழக்காத ஒலி அந்த வழியாகப் போகாது. அதற்கு இஏஆர்சி வேண்டும், அல்லது கம்ப்யூட்டரை நேராக ரிசீவரில் மாட்ட வேண்டும். டிவி ஸ்பீக்கரிலேயே கேட்பவர்கள் இந்தப் பத்தியை மறந்துவிடலாம்.

ப்ராசஸர்: பலத்தைவிட மொழி முக்கியம்

வீடியோ ஃபைல் எல்லாமே சுருக்கப்பட்டுத்தான் இருக்கும். பிரித்துக் காட்டும் வேலைக்கு ப்ராசஸருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸ் பகுதியில் தனியாக ஒரு குட்டி இன்ஜின் உண்டு. அந்த இன்ஜினுக்கு ஒரு ஃபார்மட் தெரிந்தால், 4கே படம்கூட சத்தமில்லாமல், சூடாகாமல் ஓடும். தெரியாவிட்டால் மொத்த வேலையும் ப்ராசஸரின் தலையில் விழும். அது மூச்சு வாங்கி ஓட, ஃபேன் கத்த ஆரம்பிக்கும்.

இன்றைக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஃபார்மட்கள் மூன்று: ஹெச்இவிசி 10 பிட், விபி9, ஏவி1. முதல் இரண்டும் இன்டெல் 7-ம் தலைமுறையிலிருந்தே இருக்கின்றன. யூடியூப் இப்போது நிறையப் பயன்படுத்தும் ஏவி1 மட்டும் 11-ம் தலைமுறையிலிருந்துதான். ஏஎம்டி பக்கம் கடைகளில் ரொம்பப் பிரபலமான ரைசன் 5 5600ஜி-யில் ஏவி1 இன்ஜின் கிடையாது. 2024 தொடக்கத்தில் வந்த 8600ஜி-யில் உண்டு. 5600ஜி மோசமான ப்ராசஸர் இல்லை, ஆறு கோர் வைத்து எப்படியும் சமாளித்துவிடும். ஆனால் ஹாலில் ராத்திரி 11 மணிக்கு அது சமாளிக்கும் சத்தம் கேட்கும்.

இந்த இடத்தில் எல்லோரும் கொஞ்சம் ஏளனமாகப் பார்க்கும் ஒரு ப்ராசஸர்தான் ஜெயிக்கிறது. 2023-ல் வந்த இன்டெல் என்100. நாலே கோர், 6 வாட். கேமிங் யூடியூபர்கள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஆனால் மேலே சொன்ன மூன்று ஃபார்மட்டும் இதற்குத் தெரியும், 4கே 60 ஹெர்ட்ஸ் தரும். ப்ராசஸர் ஏற்கெனவே பதிக்கப்பட்ட மினி ஐடிஎக்ஸ் போர்டுகளாக ஏசுஸ், ஏஸ்ராக் போன்றவை விற்கின்றன. மேலே ஃபேன் இல்லாத ஒரு உலோகத் தகடு மட்டும்தான். சில மாடல்களுக்குப் பழைய லேப்டாப் சார்ஜர் மாதிரி 19 வோல்ட் அடாப்டரே போதும், எஸ்எம்பிஎஸ் தேவையில்லை.

படத்தோடு கேமும் வேண்டும், போட்டோஷாப்பும் ஓட்டணும் என்பவர்கள் கோர் ஐ3-12100 அல்லது 8600ஜி பக்கம் போகலாம். ஐ3 வாங்கும்போது பெயரின் கடைசியில் ‘எஃப்’ இருக்கிறதா என்று பாருங்கள். 12100எஃப் கொஞ்சம் விலை குறைவு. காரணம், அதில் கிராஃபிக்ஸ் பகுதியே இல்லை. அதை மாட்டிவிட்டு ஹெச்டிஎம்ஐ ஒயரைச் செருகினால் டிவி கறுப்பாகவே இருக்கும். தனி கிராஃபிக்ஸ் கார்டு வாங்கியே ஆக வேண்டும், மிச்சம் பிடித்ததைவிடப் பல மடங்கு செலவு.

கேபினட்: இன்ச் டேப்பை எடுங்க

மினி ஐடிஎக்ஸ் போர்டு 17 சென்டிமீட்டருக்கு 17 சென்டிமீட்டர். இதற்கான கேபினட் 3 லிட்டரிலிருந்து 20 லிட்டர் வரை வரும். அது என்ன லிட்டர் என்றால், கேபினட்டின் கொள்ளளவை அப்படித்தான் அளக்கிறார்கள். இன்வின் சோபின் 3.3 லிட்டர், கையில் பிடித்தால் ஒரு தடித்த அகராதி மாதிரி இருக்கும். கூலர் மாஸ்டர் என்ஆர்200 சுமார் 18 லிட்டர், கிராஃபிக்ஸ் கார்டும் உள்ளே போகும், ஆனால் டிவி யூனிட் தட்டில் நிற்குமா என்பது சந்தேகம்.

கேபினட் சின்னதாகச் சின்னதாக, மற்ற எல்லாவற்றுக்கும் அளவு கட்டுப்பாடு வரும். ரைசனோடு பெட்டியில் வரும் கூலரின் உயரம் 54 மில்லிமீட்டர். பல ஒல்லி கேபினட்டுகளில் அது உள்ளே போகாது. அப்போது 37 மில்லிமீட்டர் உயரமுள்ள நாக்டுவா என்ஹெச்-எல்9 மாதிரி தட்டையான கூலரைத் தேட வேண்டியிருக்கும், அது மலிவானதல்ல. எஸ்எம்பிஎஸ்ஸும் அப்படித்தான். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ் இதில் நுழையாது. எஸ்எஃப்எக்ஸ் அல்லது ஃப்ளெக்ஸ் என்ற சின்ன ரகம் வேண்டும். ஸ்டாக் குறைவு, விலை கூடுதல். எஸ்எம்பிஎஸ்ஸோடு சேர்ந்தே வரும் கேபினட் வாங்குவது தலைவலியைக் குறைக்கும். கிராஃபிக்ஸ் கார்டு இல்லையென்றால் 150 வாட் தாராளம். 550 வாட் போட்டுக்கோங்க சார் என்று யார் சொன்னாலும் சிரித்துவிட்டு நகரலாம்.

அப்புறம் வெயில். இந்தத் துறையின் ரிவ்யூக்களில் பாதி, 22 டிகிரி அறையில் உட்கார்ந்து எழுதப்பட்டவை. சித்திரை மாசம் ஏசி போடாத ஹாலில் காற்றே 35 டிகிரிக்கு மேல்தான். அந்தக் காற்றை வைத்துத்தான் ஃபேன் குளிர்விக்க வேண்டும். கண்ணாடிக் கதவு போட்ட டிவி யூனிட்டுக்குள் வைத்து மூடிவிட்டால் கதை முடிந்தது. பின்பக்கமும் மேல்பக்கமும் நான்கு விரல் அளவுக்காவது இடம் விடுங்கள். மேஷ் இருக்கும் கேபினட்டில் தூசு ஃபில்டர் கழற்றிக் கழுவும்படி இருப்பது நல்லது.

ரேம், எஸ்எஸ்டி: இங்கே கஞ்சத்தனம் தப்பில்லை

2025 கடைசியிலிருந்து ரேம் விலை மளமளவென ஏறியது. ஏஐ டேட்டா சென்டர்களுக்கே மெமரி சிப்கள் போய்க்கொண்டிருப்பதுதான் காரணம். போன வருஷம் நண்பர் வாங்கிய விலையை மனதில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் அதிர்ச்சிதான். நல்ல வேளை, படம் பார்க்க 8 ஜிபி போதும். என்100-க்கு ஒரே ஒரு ரேம் ஸ்லாட்தான். சில போர்டில் லேப்டாப் ரேம், சில போர்டில் டெஸ்க்டாப் ரேம், பார்த்து வாங்கவும்.

சாஃப்ட்வேருக்கு 256 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று. அதிவேக ஜென் 4, ஜென் 5 எல்லாம் இங்கே வேலையில்லை. 4கே டிஸ்க்கின் உச்ச வேகமே நொடிக்கு 128 மெகாபிட், அதாவது 16 எம்பி. சாதாரண ஹார்டு டிஸ்கே அதைப்போலப் பல மடங்கு தரும். படங்களைச் சேர்த்துவைக்க 4 டிபி ஹார்டு டிஸ்க் போட்டால், ஒரு படம் 50 ஜிபி என்றாலும் 80 படம் கொள்ளும். 3.5 இன்ச் டிஸ்க் சுழலும் சத்தம் அமைதியான காட்சியில் கேட்கும் என்பதால், அதை ரவுட்டர் பக்கத்திலோ வேறு ரூமிலோ நெட்வொர்க்கில் வைப்பவர்கள் உண்டு.

செகண்ட் ஹேண்ட் கணக்கு

அசெம்பிள் செய்யும் ஆசை இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி. ஐடி கம்பெனிகள் கழித்துவிடும் லெனோவா டைனி, டெல் மைக்ரோ, ஹெச்பி மினி ரகங்கள். ஒரே லிட்டர் அளவு, உறுதியான பெட்டி. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்த பிறகு, 7-ம் தலைமுறையும் அதற்கு முந்தையவையும் விண்டோஸ் 11-க்குப் போக முடியாமல் நிற்கின்றன. அதனால் 8-ம் தலைமுறைக்குக் கீழே வாங்கினால் லினக்ஸ்தான் கதி.

8-ம் தலைமுறையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஹெச்டிஎம்ஐ போர்ட் இருந்தால் அது பெரும்பாலும் 1.4. பக்கத்தில் இருக்கும் டிஸ்பிளே போர்ட்டில் ‘ஆக்டிவ்’ அடாப்டர் ஒன்று மாட்டினால் டிவிக்கு 4கே 60 ஹெர்ட்ஸ் போகும். ஹெச்டிஆர் எதிர்பார்க்க வேண்டாம், ஏவி1-ம் இல்லை. முழு ஹெச்டி டிவி வைத்திருப்பவர்களுக்கு இதைவிட லாபமான பேரம் கிடையாது. புது 4கே ஹெச்டிஆர் டிவி என்றால் என்100 பக்கம் வாருங்கள்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் என்ன கேட்க வேண்டும்?

சென்னைக்காரர்களுக்கு மவுண்ட் ரோடு பக்கம் இருக்கும் ரிச்சி ஸ்ட்ரீட்தான் கோயில். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமை நடக்க இடமிருக்காது. லீவு போட முடிந்தால் வார நாள் காலை நல்லது.

‘அண்ணா, ஒரு சின்ன பிசி போடணும்’ என்றால் வரும் முதல் கேள்வி, ‘கேமிங்கா சார், ஆபீஸ் யூஸா?’ இரண்டும் இல்லை என்று சொல்லிவிட்டு, மாடல் நம்பரோடு எழுதிய லிஸ்ட்டை நீட்டுங்கள். மினி ஐடிஎக்ஸ் பல கடைகளில் கையிருப்பில் இருக்காது, ‘நாளைக்கு வரவெச்சுத் தரேன்’ என்பார்கள். ‘அதே மாதிரிதான் சார் இதுவும்’ என்று வேறு போர்டைக் காட்டினால், அந்த 60 ஹெர்ட்ஸ் வரியைப் போனில் தேடிப் பார்க்காமல் தலையாட்டாதீர்கள்.

இரண்டு மூன்று கடையில் கொட்டேஷன் வாங்குங்கள். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலா என்று கேளுங்கள். பில் இல்லாமல் விலை குறைத்துத் தருவதாகச் சொன்னால், குறைவது விலை மட்டுமல்ல, வாரன்ட்டியும்தான். பெட்டியில் வரும் இன்டெல் ப்ராசஸருக்கு 3 வருஷ கம்பெனி வாரன்ட்டி உண்டு. ‘ட்ரே’ என்று உறையில் போட்டுக் கொடுப்பதற்குக் கடைக்காரர் சொல்வதுதான் வாரன்ட்டி. பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரும் இருக்கட்டும். விண்டோஸை ‘ஆக்டிவேட் பண்ணித் தரேன்’ என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். படம் மட்டும் பார்ப்பவர்களுக்கு லிப்ரெஎலெக் என்ற இலவச லினக்ஸ் இருக்கிறது. ஸ்விட்ச்சைப் போட்டால் நேராக கோடி பிளேயர் திறக்கும். வீட்டுப் பெரியவர்களும் பழகிவிடுவார்கள்.

பழகுவதற்கு ரிமோட் வேண்டுமே! டிவி ரிமோட்டே போதும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். ஸ்டிக்குகளில் இருக்கும் சிஇசி வசதி பெரும்பாலான கம்ப்யூட்டர் ஹெச்டிஎம்ஐ போர்ட்டுகளில் கிடையாது. ஃபிளர்க் மாதிரி ஒரு யுஎஸ்பி ரிசீவர் வாங்கினால் எந்தப் பழைய ரிமோட்டையும் பழக்கிக்கொள்ளலாம். போனில் கோரே ஆப் போட்டாலும் கோடி கேட்கும். அம்மாவிடம் வயர்லெஸ் கீபோர்டைக் கொடுத்துவிட்டு ஆபீஸ் போனால், மத்தியானம் போன் வரும்.

நாள் முழுக்க ஓடினால் ஈபி பில் எகிறுமா என்ற பயம் எல்லா வீட்டிலும் உண்டு. 10 வாட் எடுக்கும் பெட்டி, 24 மணி நேரமும் ஓடினாலும் இரண்டு மாசத்துக்கு 14 யூனிட் சொச்சம். அதே 50 வாட் என்றால் 72 யூனிட். ஸ்லாப் எல்லையில் நிற்கும் வீடுகளுக்கு இந்த வித்தியாசம் பில்லில் தெரியும். ஸ்லீப் மோடில் போட்டுவைத்தால் இதுவும் குறையும்.

அசெம்பிள் செய்து வீட்டுக்கு வந்த அன்றைக்கே இதைச் செய்யுங்கள். டிஸ்பிளே செட்டிங்கில் 60 ஹெர்ட்ஸ் தெரிகிறதா பாருங்கள். கோடியில் படத்தின் பிரேமுக்கு ஏற்ப டிவியின் ஹெர்ட்ஸை மாற்றும் செட்டிங்கை ஆன் செய்யுங்கள், கேமரா மெல்ல நகரும் காட்சிகளில் இருக்கும் நடுக்கம் போய்விடும். யூடியூபில் ஒரு 4கே வீடியோவை ஒரு மணி நேரம் ஓடவிட்டு, டிவி சத்தத்தை மியூட் செய்து, சோபாவில் உட்கார்ந்து ஃபேன் கேட்கிறதா என்று காது கொடுங்கள். ஏதாவது தப்பென்றால் மறுநாளே கடைக்குக் கொண்டுபோய்விடலாம், பத்து நாள் கழித்துப் போனால் கம்பெனி சர்வீஸ் சென்டர் அட்ரஸைத்தான் எழுதிக் கொடுப்பார்கள். எல்லாம் சரியாக இருந்தால் அந்தக் கல்யாண பென் டிரைவைச் செருகுங்கள். பெரியம்மாவுக்கு மறுபடியும் ஒரு போன் போட வேண்டியிருக்கும்.